ஆனேக்கல்லுக்கு வேலைக்குப் போன தம்பிக்கு



ஆனேக்கல் தாலுகாவில் ஒரு சின்னப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். பாடம் எடுப்பதோடு மாணவர் நலன் பொறுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்களாம். "சேந்து முழுசா ஒரு செமஸ்டர்கூட ஆகல, இவனுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று அங்கலாய்த்தார். எனக்கு இது புதிதில்லை. சின்ன நிறுவனங்களில் இந்தப் பொறுப்பு எப்போதும் புதிதாக வந்தவருக்குத்தான் போகும். பழையவர்கள் அதன் பாரம் தெரிந்து முன்கூட்டியே நழுவியிருப்பார்கள். நீ நழுவ வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வகுப்பறையிலும் கல்லூரி அலுவலகத்திலும் மாறி மாறி உட்கார்ந்தவன் என்பதால் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன்.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஆனேக்கல் என்றால் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டினால் வருகிற ஊர், அவ்வளவுதான். பெங்களூரு நகர மாவட்டத்தின் தென்கோடி. ஒரு பக்கம் ஓசூர், இன்னொரு பக்கம் தளி. பொம்மசந்திரா, ஜிகணி தொழிற்பேட்டைகளுக்கும் பன்னேர்கட்டா காட்டுக்கும் நடுவில் ராகி வயல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இந்த ஒரே தாலுகாவுக்குள், உன் இடம் போக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஜிகணிப் பக்கம் பிரசாந்தி குடீரத்தில் எஸ்-வியாசா. யோகாவை மையமாக வைத்து 2002இல் நிகர்நிலை அந்தஸ்து பெற்றது. சந்தாபுரம்-ஆனேக்கல் சாலையில் அலையன்ஸ். மேலாண்மைக் கல்வியில் தொடங்கிச் சட்டம், பொறியியல் என்று விரிந்தது. சர்ஜாபுரத்தில் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். முதலில் எலெக்ட்ரானிக் சிட்டிப் பக்கம் இயங்கி, பிறகு இங்கே வந்தது. கடைசி இரண்டும் கர்நாடகச் சட்டமன்றம் 2010இல் இயற்றிய தனித்தனிச் சட்டங்களால் பிறந்தவை. சமயம் கிடைக்கும்போது மூன்று வளாகங்களையும் போய்ப் பார். அங்கே வேலை செய்கிற உன் வயது ஆட்களோடு ஒரு டீ குடி. உன் இடத்தில் நடப்பது ஊர் வழக்கமா, உங்கள் வீட்டு வழக்கம் மட்டுமா என்பது அப்போதுதான் பிடிபடும்.

இனி நான் சொல்ல வந்தது. சின்ன இடத்தில் எல்லா உதவியும் மெல்ல மெல்ல தயவாக மாறிவிடும். மாணவர் நலன் பார்ப்பவனின் முக்கால்வாசி வேலை, அதை மறுபடியும் முறையாக மாற்றுவது.

பெரிய பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒரு பதிவெண். கோப்பு நகர மாதக்கணக்காகும், எல்லோரும் திட்டுவார்கள். ஆனால் அந்தத் தாமதம் ஏறக்குறைய எல்லோருக்கும் சமம். சின்ன இடத்தில் பதிவாளருக்கே பையன்களின் பெயர் தெரியும். மதியம் காண்டீனில் துணைவேந்தர் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார். கட்டணம் கட்ட முடியவில்லை என்று ஒருவன் அவரிடம் நேராகப் போய்ச் சொன்னால், "சரிப்பா, அடுத்த மாசம் கட்டு" என்று அந்த இடத்திலேயே முடிந்துவிடும். வெளியிலிருந்து பார்க்க எவ்வளவு அன்பான இடம்! பெற்றோர் கூட்டத்தில் இதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள்: "இங்க எல்லாரும் ஒரே குடும்பம்."

ஆனால் துணைவேந்தரிடம் போய்ப் பேசத் தெரிந்தவன் யார்? அப்பா வாத்தியாராக இருப்பார். அல்லது அக்கா ஏற்கெனவே டிகிரி முடித்திருப்பாள். குறைந்தபட்சம், அதிகாரம் உள்ளவரிடம் தயங்காமல் வாய் திறக்கிற பழக்கமாவது வீட்டிலிருந்து வந்திருக்கும். வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பெண் போகமாட்டாள். கடைசி தேதி தாண்டியதும் அவள் ஒரு வாரம் வகுப்புக்கு வராமல் இருப்பாள். அடுத்த வாரம் அட்டெண்டன்ஸ் குறைந்துவிடும். உன் மேசைக்கு வரும்போது அது பணப் பிரச்சினையாக வராது. "இந்தப் பொண்ணு ரெகுலர் இல்ல சார்" என்றுதான் வரும்.

அதனால் முதல் வேலையாக, தவணையில் கட்டணம் கட்டுவதற்கு எழுத்தில் ஒரு விதி கொண்டுவா. யார் கேட்கலாம், எத்தனை தவணை, எந்தத் தேதி, யார் கையெழுத்து என்பதெல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். அதைக் கட்டண ரசீதோடு சேர்த்தே எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், கேட்பதற்கு யாருக்கும் துணிச்சல் தேவைப்படாது. அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் குடும்ப வருமானத்தைப் பார்த்துப் படிப்புக் கட்டணத்திலும் விடுதிச் செலவிலும் சலுகை கொடுக்கிறார்கள். அதன் பின்னால் பெரிய அறக்கட்டளையின் பணம் இருக்கிறது, உங்களுக்கு அது கிடையாது என்று உன் நிதி அதிகாரி சொல்வார். சரிதான். ஆனால் வருமானத்தை முன்கூட்டியே கேட்டு, சேர்க்கையின்போதே முடிவைச் சொல்லிவிடுகிற ஒழுங்குக்கு அறக்கட்டளை வேண்டியதில்லை. சலுகை இல்லை என்றாலும் அதை ஜூன் மாதத்திலேயே சொல்வது ஒரு உதவிதான். நவம்பரில் தெரிந்தால் பையனுக்குப் போக வேறு இடமிருக்காது.

உதவித்தொகை விஷயத்தில் உன் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. எல்லையோர ஊர் என்பதால் ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி பிள்ளைகள் அங்கே வருவார்கள். பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட்மெட்ரிக் உதவித்தொகையை, மாணவர் எங்கே படித்தாலும், அவருடைய சொந்த மாநிலம்தான் வழங்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். அதாவது தளிப் பையன் ஆனேக்கல்லில் படித்தாலும் விண்ணப்பிக்க வேண்டியது தமிழ்நாட்டில். கர்நாடக அரசின் உதவித்தொகைத் தளத்தில் உட்கார்ந்து மாலை முழுக்க முயன்றாலும் ஒன்றும் நடக்காது. உங்கள் அலுவலகத்தில் இருப்பவருக்குக் கர்நாடகத் தளம் மட்டும்தான் பழக்கமாக இருக்கும். "உனக்கு எலிஜிபிள் இல்லப்பா" என்று நல்ல மனதோடு சொல்லி அனுப்பிவிடுவார். இன்னொன்று: தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ் கர்நாடக மாநில இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இது சேர்க்கைக்கு முன்பே பெற்றோருக்குத் தெரிந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் படித்தால் கிடைக்கிற மற்ற உதவிகளில் எதெல்லாம் அத்திப்பள்ளியைத் தாண்டி வரும், எதெல்லாம் செக்போஸ்டோடு நின்றுவிடும் என்று உட்கார்ந்து ஒரு தாள் தயார் செய். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சடித்து வை. கல்விக் கடனுக்கும் அப்படித்தான். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் ஜாமீன் இல்லாமல் கடன் கிடைக்கும். ஆனால் தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த நிறுவனங்களுக்கு மட்டும்தான். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நீயே பார். சேர்க்கை ஏஜென்ட் வாயால் சொன்னதை நம்பி நிலத்தை அடகு வைத்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஓசூர்ப் பக்கம் நான் வேலை செய்த ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு உதவித்தொகை அனுமதியாகிவிட்டது என்று தளம் காட்டுகிறது. அவள் பாஸ்புக்கில் ஒரு ரூபாய் ஏறவில்லை. கட்டணம் பாக்கி என்று ஹால் டிக்கெட் நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை. கவுண்டரில் ஒருவர், வங்கியில் ஒருவர் என்று அலைந்து, கடைசியில் படிப்பை நிறுத்திவிடுவதாக எழுதியே கொண்டுவந்துவிட்டாள். கவுண்டரில் இருந்த பழைய கிளார்க் அந்தக் காகிதத்தை வாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "லீவுல எங்கயாச்சும் வேலைக்குப் போனியாம்மா?" என்று கேட்டார். போயிருக்கிறாள். பொம்மசந்திராவில் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஒன்றரை மாதம். சம்பளம் போடுவதற்காக அவர்களே ஒரு கணக்குத் திறந்து, ஆதாரை அதில் இணைத்துவிட்டார்கள். அரசுப் பணம் ஆதாரோடு கடைசியாக இணைந்த கணக்குக்குத்தான் போகும். அவள் மறந்தே போயிருந்த அந்தக் கணக்கில் பணம் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

அந்த கிளார்க்கின் கெட்டிக்காரத்தனத்தை எல்லோரும் பாராட்டினோம். ஆனால் அவர் அன்றைக்கு விடுப்பில் இருந்திருந்தால்? அந்த ஆண்டு விண்ணப்பப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தோம்: "கடந்த ஓராண்டில் புதிதாக வங்கிக் கணக்கு தொடங்கினீர்களா? ஆதார் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது?" ஒரு தனி மனிதரின் சாமர்த்தியம் படிவத்தில் ஏறிவிட்டால், அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அது வேலை செய்யும். உங்கள் அலுவலகத்திலும் அப்படி ஒரு பழைய ஆள் கட்டாயம் இருப்பார். அவரைக் கண்டுபிடி. அவருக்குத் தெரிந்ததையெல்லாம் கேட்டு எழுதிக்கொள். அவர் பெயரைப் போட்டே எழுது, அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

லீவில் வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபர் 7ஆம் தேதி அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையில் தீ பிடித்தது உனக்கு நினைவிருக்கும். தீபாவளி சீசன் வேலைக்கு வந்தவர்கள்தான் அதிகம் இறந்துபோனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்நாட்டுப் பையன்கள். தர்மபுரி மாவட்டம் அம்மாபேட்டை என்ற ஒரே கிராமத்திலிருந்து மட்டும் பலர். மாணவர்களும் அதில் இருந்தார்கள். உன் பல்கலைக்கழகம் இருக்கிற தாலுகாவில்தான் இது நடந்தது. உன் வகுப்பில் இருக்கிற யாரும் லீவில் என்ன செய்கிறார்கள், வார இறுதியில் எந்தக் குடோனில் நிற்கிறார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. கேள். வேலைக்குப் போகாதே என்று சொல்ல உனக்கும் எனக்கும் உரிமை இல்லை, அவர்களுக்குப் பணம் வேண்டும். நூலகத்தில், ஆய்வகத்தில், சேர்க்கைக் காலத்தில் அலுவலகத்தில் மணிக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்து மாணவரை வைத்துக்கொள்ள ஒரு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பார். அந்த இடங்களையும் அறிவிப்புப் பலகையில் போட்டு, விண்ணப்பம் வாங்கி நிரப்பு. எச்.ஓ.டி.க்குப் பிடித்த பையனுக்கு நூலக வேலை போனால் அதுவும் தயவுக் கணக்கில் சேர்ந்துவிடும்.

அடுத்தது உன்னைப் பற்றியே. நீ தமிழன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஓசூர்ப் பிள்ளைகள் உன்னை "அண்ணா" என்று கூப்பிட ஆரம்பித்திருப்பார்கள். தமிழில் கஷ்டத்தைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்தால் யாருக்குத்தான் நிம்மதி இல்லை? அதைக் கெடுக்காதே. ஆனால் உன் அறை வாசலில் யார் நிற்கிறார்கள் என்று கொஞ்ச நாள் கவனி. எல்லாம் தமிழ் முகமாகவே இருந்தால், தும்கூரிலிருந்து கன்னட மீடியத்தில் படித்து வந்த பெண்ணும், அசாமிலிருந்து வந்த பையனும் உன்னை வேறொரு கட்சிக்காரனாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கன்னடம் கற்றுக்கொள். கடையில் பேரம் பேசுகிற கன்னடம் பத்தாது. நாட கச்சேரி என்கிற வருவாய்த்துறை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தைப் படித்து, இதில் என்ன குறை என்று கேட்கிற அளவு வேண்டும். எல்லையோரத்தில் வளர்ந்தவன் நீ, காதில் பாதி ஏற்கெனவே இருக்கும். எழுத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். வகுப்பிலும் ஒரு காரியம் செய்யலாம். ஆங்கிலத்தில் கட்டுரை எழுதச் சொல்வதற்கு முன் அவரவர் மொழியில் பத்து நிமிஷம் பேச விடு. நாலு மொழி ஒரே அறையில் சத்தம் போடும், பக்கத்து வகுப்புப் பேராசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

வருகைப்பதிவு. காலை 9 மணிக்கு முதல் வகுப்பு என்று டைம்டேபிள் போட்டவர் வளாகக் குடியிருப்பில் இருப்பார். ஓசூரிலிருந்து வருகிறவன் எல்லையில் ஒரு பஸ் மாறி, சந்தாபுரம் சந்திப்பில் லாரிகளுக்கு நடுவே நின்று வரவேண்டும். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் தடம் திறந்ததில் நகரத்திலிருந்து வருகிற ஆசிரியர்களுக்குப் பெரிய வசதி. டே ஸ்காலர் பிள்ளைகளில் பலர் எதிர்த் திசையிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அது ஒரு விதத்திலும் உதவாது. நீ ஒரு திங்கட்கிழமை காலையில் அவர்களோடு பஸ்ஸில் வந்து பார். பிறகு முதல் வகுப்பை அரை மணி தள்ளிப் போடுவது பற்றிக் கல்விக் குழுவில் பேசு. ஒவ்வொரு பையனுக்கும் தனித்தனியாக "கன்சிடர் பண்ணுங்க சார்" என்று கெஞ்சுவதைவிட இது சுலபம்.

ஆலோசகர் அறை விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். 2025 ஜூலை 25ஆம் தேதி சுக்தேப் சாஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம், தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன ஒரு மாணவியின் மரணத்திலிருந்து வந்த வழக்கு அது. உங்கள் பல்கலைக்கழகமும் ஒருவரை நியமித்திருக்கும் அல்லது நியமிக்கப் போகிறது. நியமனம் ஆனதும் அவருக்கு எந்த அறை கொடுக்கிறார்கள் என்று பார். நான் பார்த்த ஒரு வளாகத்தில் நிர்வாகக் கட்டடத்தின் தரைத் தளத்தில், கட்டணக் கவுண்டருக்கு நேர் எதிரே கொடுத்தார்கள். கதவில் பளபளவென்று பெயர்ப் பலகை. மதியம் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் உள்ளே போனார்கள், எத்தனை நேரம் இருந்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்களா என்பது சாயங்காலத்துக்குள் விடுதி வரைக்கும் போய்விடும். ஒரு செமஸ்டர் முழுக்க அந்த ஆலோசகர் அம்மா சும்மா உட்கார்ந்திருந்தார். "பசங்களுக்குப் பிரச்சினையே இல்ல போல, யாரும் வரல" என்று நிர்வாகம் திருப்தியாகச் சொன்னது. பிறகு அறையை நூலகத்தின் மேல் தளத்துக்கு மாற்றினார்கள். நூலகத்துக்குப் போகிறவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நீயே ஆலோசகராக இருக்கப் பார்க்காதே. இன்டர்னல் மார்க் போடுகிற கையிடம் மாணவன் எல்லாவற்றையும் சொல்லமாட்டான், சொல்லவும் கூடாது. சின்ன இடத்தில் ஒரே ஆள் பாட ஆசிரியர், மென்டர், விடுதி வார்டன், ஒழுங்கு நடவடிக்கைக் குழு உறுப்பினர் என்று நாலு தொப்பி போட்டிருப்பார். விடுதியில் சிகரெட் பிடித்ததை மென்டரிடம் மனம்விட்டுச் சொன்ன பையன், மறுநாள் அதே ஆளின் முன்னால் விசாரணைக்கு நிற்பான். உன் தொப்பிகளில் இரண்டையாவது கழற்றிக் கொடு. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவிலிருந்து முதலில் வெளியே வா. இரவு பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை உடைந்து போய்ப் போன் செய்தால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உன் ஊருக்கு எட்டின தூரத்தில்தான் இருக்கிறது. வாட்ச்மேனுக்கு, வார்டனுக்கு, ராத்திரி வண்டி எடுக்கிற டிரைவருக்கு இது தெரியவேண்டும். உனக்கு மட்டும் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

மென்டர் படிவம் பற்றி ஒரு வார்த்தை: தர மதிப்பீட்டுக்கு நாக் (NAAC) குழு வருவதற்கு முந்தைய வாரம் எல்லாத் துறைகளிலும் எல்லாப் படிவங்களும் ஒரே நீல மையில் நிரம்பும். உன்னுடையதில் தேதி முன்பின்னாக இருக்கட்டும், மை மாறி மாறி இருக்கட்டும். குழுவில் அனுபவமுள்ளவர் யாராவது இருந்தால் அதைத்தான் நம்புவார்.

குறை தீர்க்கும் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்கும். யு.ஜி.சி.யின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி புகார் வந்த 15 வேலை நாளுக்குள் அந்தக் குழு அறிக்கை தரவேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். பெரும்பாலான சின்ன வளாகங்களில் அந்தக் குழுவுக்குப் புகாரே வராது, எல்லாம் வராந்தாவில் பேசி முடிந்துவிடும். வராந்தாவில் முடிவதில் தப்பில்லை, முடிந்ததை ஒரு நோட்டில் எழுதி வை. தேதி, விஷயம், என்ன முடிவு, என்ன காரணம். பெயர் வேண்டாம். விதிவிலக்கு கொடுத்தாலும் எழுது. ஒரே மாதிரி விதிவிலக்கு மூன்றாவது தடவை வந்தால் அதை விதியாக்கக் கேட்டுக் கல்விக் குழுவுக்குக் கொண்டுபோ. முறை என்று நான் சொல்வதைக் கெடுபிடி என்று எடுத்துக்கொள்ளாதே. அப்பா இறந்து காரியம் முடித்து வந்த பையனிடம் மருத்துவச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கிற ஆளும் முறைப்படிதான் கேட்கிறார். அங்கே விதி குறைபட்டது. அந்த விதியைத் திருத்துவதும் உன் வேலைக்குள் வரும்.

பாடத்திட்டத்தில் உன் குரல் எவ்வளவு எடுபடும் என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சின்னப் பல்கலைக்கழகத்தின் ப்ராஸ்பெக்டஸில் எலெக்டிவ் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் பாதி, ஒரே ஒரு ஆசிரியரின் ஆர்வத்தில் பிறந்தவை. அவர் வேறு இடத்துக்குப் போனால் பாடமும் கூடவே போய்விடும், அதை நம்பிச் சேர்ந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் நடுவில் நிற்பார்கள். குறைந்தது இரண்டு பேரால் நடத்த முடியாத பாடத்தை அச்சில் போடாதே என்று கூட்டத்தில் சொல். முதலில் யாருக்கும் பிடிக்காது. மாறாக, அந்த இடத்தில் இருப்பதிலிருந்து பிறக்கிற பாடம் நிலைக்கும். எஸ்-வியாசாவில் ஆரோக்கியதாமா இருக்கிறது. நோயாளிகள் வந்து தங்கிச் சிகிச்சை பெறுகிறார்கள், யோகா சிகிச்சை படிக்கிறவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு அங்கே போய்ப் பார்க்கலாம். அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை பல மாநிலங்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களோடு வேலை செய்கிறது. பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் களப்பணிக்குப் போக அந்த இடங்கள் இருக்கின்றன. உன் வளாகத்தைச் சுற்றி என்ன இருக்கிறது? இரண்டு தொழிற்பேட்டை, யானை இறங்குகிற கிராமங்கள், மூன்று மொழி கலந்து பேசுகிற சந்தை, நிலம் விற்றுக் கார் வாங்கிய குடும்பங்கள். பொருளாதாரமோ சமூகவியலோ சூழலியலோ, எதை எடுத்தாலும் ஒரு செமஸ்டருக்குக் குறையாத பாடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

எத்தனை ஆண்டுப் படிப்பு என்பதையும் தெளிவாகச் சொல்லச் சொல். கர்நாடகம் 2021இல் நாட்டிலேயே முதலாவதாகப் புதிய கல்விக் கொள்கைப்படி நான்காண்டுப் பட்டத்துக்கு மாறியது. 2024இல் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மறுபடியும் மூன்றாண்டுக்குத் திரும்பியது. தனியார் பல்கலைக்கழகங்களில் அவரவர் விதி. அண்ணன் ஒரு கணக்கில் படித்திருப்பான், தங்கை வேறு கணக்கில் சேர்ந்திருப்பாள், அப்பாவுக்கு இரண்டும் புரிந்திருக்காது. மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியே வந்தால் கையில் என்ன சான்றிதழ் இருக்கும் என்பதை முதல் நாளே பெற்றோர் மொழியில் சொல்.

கடைசியாக உன் விஷயம். யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு. மாணவர் நலன் வேலைக்கு அதில் எத்தனை மணி குறைப்பார்கள் என்று கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய், கூச்சமாக இருந்திருக்கும். மாணவர் நலனுக்குச் சொன்னதேதான் உனக்கும். வாய்மொழியாகக் கொடுத்த பொறுப்பை வாய்மொழியாகவே பிடுங்கிவிடலாம், உன் ஆண்டு மதிப்பீட்டில் அது ஒரு வரிகூட வராது. பொறுப்பு, காலம், வகுப்பு நேரக் குறைப்பு, உனக்கு உதவியாக ஒரு அலுவலக ஆள் என்று நாலும் வருகிற மாதிரி ஒரு ஆணை வாங்கிக்கொள். உள்ளூர் வழக்கம் தெரிந்த உங்கள் அலுவலகப் பழைய ஆளிடம் வரைவைக் காட்டிவிட்டுப் பதிவாளரிடம் கொடு. ஆராய்ச்சிக்கு வாரத்தில் ஒரு நாள் எடுத்து வைத்து, அன்றைக்கு அறைக் கதவைச் சாத்து. சாத்துகிற நாள் எது என்று கதவில் எழுதிப் போடு, பிள்ளைகள் வந்து ஏமாந்து போகவேண்டாம்.

அடுத்த சேர்க்கை தொடங்குவதற்குள் இரண்டு தாள் தயாராகவேண்டும்: தவணை விதி ஒன்று, எல்லை தாண்டி வருகிற பிள்ளைகளுக்கான உதவித்தொகைத் தாள் ஒன்று. வரைவு எழுதியதும் எனக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பு. தமிழ்ப் பிரதியை நான் திருத்தித் தருகிறேன்; கன்னடப் பிரதியைப் பார்க்க ஆனேக்கல்லில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். நிதி அதிகாரி தவணைக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் சண்டை போடாதே, காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய நண்பன்